கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை

கவிதா_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு 46 வயது. குறட்டை கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு, எனக்குப் பழகிவிட்டது. இப்போது கொஞ்ச காலமாக வேறு மாதிரி இருக்கிறது. சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று அடங்கிவிடுகிறார். மூச்சுச் சத்தமே இல்லை, நெஞ்சு மட்டும் எக்குகிறது. தோளைத் தட்டி எழுப்பலாம் என்று கை வைப்பதற்குள் பெரிதாக ஒரு இழுப்பு இழுத்து, புரண்டு படுத்து, மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் "நன்றாகத்தானே தூங்கினேன்" என்கிறார்.

பிபிக்கு மூன்று மாத்திரை. அப்படியும் 150/100க்குக் கீழே வருவதில்லை. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சர்க்கரை இல்லை, புராஸ்டேட் ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. காலையில் தலைவலி. கொஞ்சம் தொப்பை உண்டு, ஆனால் குண்டு என்று சொல்ல முடியாது. மாமியாரோ "உழைக்கிற உடம்பு, அசந்து தூங்குகிறான், நீ ஏன் முழித்துப் பார்க்கிறாய்" என்கிறார். குறட்டைக்கெல்லாம் யாராவது டாக்டரிடம் போவார்களா என்று இவரும் சிரிக்கிறார். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

நாமக்கல்_சேகர்

தங்கச்சி, தள்ளிப் போடாதீர்கள். எனக்கு இரண்டு லாரி ஓடுகிறது, முன்பு நானே பிவண்டி வரைக்கும் ஓட்டுவேன். இரவு முழுக்கத் தூங்கிவிட்டு வண்டி எடுத்தாலும் சித்ரதுர்கா தாண்டுவதற்குள் கண் சொருகும். டீ, வெற்றிலை, முகம் கழுவுவது, எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. டோல்கேட் வரிசையில் வண்டி நிற்கிற நேரத்தில் தூங்கிப் பின்னால் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். கிளீனர் பையன்தான் "அண்ணே, தூங்குறப்ப உங்களுக்கு மூச்சே வரல" என்று முதலில் சொன்னான். இப்போது சிபேப் மாட்டித்தான் படுக்கிறேன், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை ஒட்டாமல் வைக்கிற இயந்திரம் அது. உங்கள் வீட்டுக்காரர் பைக், கார் ஓட்டுகிறவரா? பரிசோதனை முடியும் வரை இரவுப் பயணத்துக்கு வண்டியை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஆய்வகக்காரன்_கோவை

ஒரு தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கவிதா அக்கா, நீங்கள் எழுதியிருப்பது தூக்க மூச்சுத்தடையின் வரலாறு மாதிரியே இருக்கிறது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும், மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். சிலருக்கு அந்த வழி மொத்தமாக ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட் ஜூஸை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. நெஞ்சு இழுத்துக்கொண்டேதான் இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கரியமில வாயு ஏறும், மூளை பதறி ஓரிரு நொடி விழிக்கும், தொண்டை திறக்கும். நீங்கள் கேட்ட அந்தப் பெரிய இழுப்பு அதுதான். அவருக்கு அந்த விழிப்பு நினைவில் நிற்காது. அதனால் "நன்றாகத்தானே தூங்கினேன்" என்பதும் அவர் அறிந்தவரை உண்மைதான். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை மனைவிதான் இழுத்துக்கொண்டு வருகிறார்.

பிபிக்கு வருவோம். நல்ல தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவருக்கு ஒவ்வொரு முறை மூச்சு அடைக்கும்போதும் அட்ரினலின் பாய்கிறது, பிபி எகிறுகிறது. இரவு முழுக்க இதே கதை என்றால் பகலிலும் அது இறங்க மறுக்கும். மூன்று மாத்திரைக்கு அடங்காத பிபி என்றாலே தூக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் நான்காவது மாத்திரை எழுதுகிறார்களே தவிர "குறட்டை உண்டா" என்று கேட்பதில்லை. இது என் பழைய ஆதங்கம்.

சிறுநீர் விஷயம் இன்னும் சுவாரசியம். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது உள்ளே எதிர்மறை அழுத்தம் உண்டாகி இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்புக் கணக்குப் போட்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் சொன்ன வேலையைச் செய்கிறது. சர்க்கரை இல்லை, புராஸ்டேட் இல்லை, ஆனாலும் இரவில் எழுந்துகொண்டே இருக்கிறார் என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போகலாம். போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அவர் மல்லாந்து தூங்கும்போது நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். அந்த வீடியோ டாக்டருக்கும் உதவும், உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதும் நிற்கும். அவருடைய சட்டைக் காலர் அளவு என்ன?

கவிதா_திண்டுக்கல்

காலர் 16. ஏன் தம்பி?

ஆய்வகக்காரன்_கோவை

அங்குலத்தில் 16 என்றால் 40 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டொராண்டோவில் மயக்க மருந்து டாக்டர்கள் 2008இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள், ஸ்டாப்-பேங் என்று பெயர். சத்தமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை அடுத்தவர் பார்த்தது, பிபி, பருமன், 50க்கு மேல் வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்து, ஆண். உங்கள் கணவருக்குப் பருமனும் வயதும் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாமே பொருந்துகின்றன. மூன்று பொருந்தினாலே பரிசோதிக்கலாம் என்பார்கள். ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் சரியில்லை. தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருந்தாலே போதும், ஆசியர்களில் இது சாதாரணம்.

விடாக்கண்டன்

நடுவில் புகுந்து கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். 1993இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வில் நடுவயது ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம் பேருக்கு இந்த நோய் என்றார்கள். 2019இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் உலகம் முழுக்க 93 கோடிப் பேர் என்று வந்தது. 2023இல் டெல்லி எய்ம்ஸ்காரர்கள் இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேல் என்றார்கள். தாத்தா பாட்டி எல்லாம் குறட்டை விட்டுக்கொண்டே எண்பது வயது வாழவில்லையா? அளவுகோலை மாற்றி மாற்றி நோயாளியை உற்பத்தி செய்கிறார்கள், பின்னாலேயே இயந்திரக் கடை வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 2016இல் வந்த சேவ் ஆய்வில் 2,700 பேரைச் சில வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், இந்தியர்களும் அதில் உண்டு. சிபேப் போட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. இதை ஏன் எந்த ஆய்வகமும் சுவரில் ஒட்டுவதில்லை?

நாமக்கல்_சேகர்

ஐயா, கண் சொருகி மீடியனில் ஏற்றினால் எண்பது வயது வரைக்கும் போக முடியாது. நீங்கள் எப்போதாவது இரவில் பதினாறு சக்கர வண்டி ஓட்டியிருக்கிறீர்களா?

ஆய்வகக்காரன்_கோவை

சேகர் அண்ணா, பொறுங்கள். அவர் சொல்வதில் பாதி சரி.

1993 கணக்கு, எண்ணிக்கையோடு பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தவர்களுடையது. அதே ஆய்வில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். ஆக அன்றைக்கே நிறைய இருந்தது. எண்ணிக்கை என்று நான் சொல்வது ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ என்று இருக்கும். மூச்சு குறைந்தது 10 நொடி நின்றதும், வெகுவாகச் சுருங்கியதும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை என்ற கணக்கு. 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. நீங்கள் சொன்ன 93 கோடி என்பது 5க்கு மேல் உள்ள எல்லோரையும் சேர்த்த மதிப்பீடு. 15க்கு மேல் என்றால் அதே ஆய்வில் 42 கோடி சொச்சம். எண் 8, பகலில் சோர்வே இல்லை, பிபி இல்லை என்று ஒருவர் வந்தால் அவர் தலையில் இயந்திரத்தைக் கட்டுவது எனக்கும் உடன்பாடில்லை. சில கடைகள் கட்டுகின்றன என்பதும் தெரியும்.

சேவ் ஆய்வுக்கு வருகிறேன். அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். பகலில் கடுமையாகத் தூங்கி விழுகிறவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை, அப்படிப்பட்டவரைச் சிகிச்சை இல்லாமல் விடுவது நியாயமில்லை என்று. அப்புறம், சிபேப் கொடுக்கப்பட்டவர்கள் ஓர் இரவில் சராசரியாக 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். மாரடைப்பு குறையவில்லை என்ற முடிவு உண்மை, அதை யாரும் மறைக்கக் கூடாது. பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் முன்னேறின என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. "இயந்திரம் மாட்டினால் ஆயுள் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "பகலில் விழித்திருப்பீர்கள்" என்று சொன்னால் நம்பலாம்.

பிபியிலும் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். சிபேப்பால் சராசரியாக 2, 3 புள்ளிதான் இறங்குகிறது, மாத்திரைக்கு அடங்காதவர்களில் சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அக்கா, மாத்திரையை நிறுத்தும் யோசனை வரவே வேண்டாம்.

விடாக்கண்டன்

இந்த அளவுக்கு நேராகப் பேசுகிறவரைப் பார்த்ததில்லை. சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டொராண்டோ_சாந்தி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். எல்லாரும் குறட்டை, கழுத்து, ஆம்பிளை எண்டு கதைக்கிறீர்கள். எனக்கு வயது 57, குறட்டை பெரிசாக இல்லை. நித்திரை வராது, வந்தாலும் இடையில் விழிப்பு, காலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. மாதவிடாய் நின்ற பிறகு எல்லாப் பொம்பிளைகளுக்கும் வருவதுதான் என்று ஒரு வைத்தியர் நித்திரைக் குளிசை எழுதினார். இன்னொருவர் மனச்சோர்வு என்றார். கடைசியில் இன்னொரு வைத்தியர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார், எண் 22 என்று வந்தது. ஒன்ராறியோவில் அரசாங்கத் திட்டம் இயந்திர விலையில் 75 சதவீதம் கொடுக்கிறது, மிச்சம்தான் என் கையிலிருந்து. ஊரில் என் தமக்கைக்கும் இதே மாதிரிதான், ஆனால் அவவுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

ஆய்வகக்காரன்_கோவை

சாந்தி அம்மா நல்ல இடத்தைத் தொட்டீர்கள். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஹார்மோன் ஓரளவு பாதுகாப்பு தருகிறது, அதற்குப் பிறகு ஆண்களின் அளவை நெருங்குகிறது. அறிகுறியும் நீங்கள் சொன்ன மாதிரி தூக்கமின்மை, சோர்வு, தலைவலி என்று வரும். தைராய்டு குறைவு உள்ளவர்கள், பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள இளம்பெண்கள் இவர்களையும் கேட்க வேண்டும். அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை. அந்த வகை மாத்திரைகளில் சில தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மதுவும் அப்படியே. பரிசோதனை செய்யாமல் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்தாக முடியலாம்.

மட்டுறுத்துநர்

இயந்திர விற்பனை எண்ணைப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவதும் வந்தால் கணக்கே போகும்.

கவிதா_திண்டுக்கல்

வீடியோவைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, இரண்டாம் தரம் போட்டுப் பார்த்தார். மறுநாள் அவரே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்! ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்க வைத்துத் தலை, நெஞ்சு, கால் எல்லாம் ஒயர் ஒட்டினார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏஎச்ஐ 41, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. எனக்குக் கை நடுங்குகிறது. பாடகர் பப்பி லஹிரி இதில்தான் இறந்தார் என்று ஒருவர் சொல்கிறார், நிஜமா? டாக்டர் சிபேப் எழுதியிருக்கிறார். வெளியே வந்ததும் ஒரு கடைக்காரர் அன்றைக்கே பணம் கட்டினால்தான் தள்ளுபடி, சோதித்துப் பார்க்கவெல்லாம் தர முடியாது என்கிறார். பழைய இயந்திரம் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

ஆய்வகக்காரன்_கோவை

41 கடுமையான வகைதான். ஆனால் கண்டுபிடித்துவிட்டீர்கள், நேற்றைவிட இன்று ஆபத்து கூடிவிடவில்லை, பதறாதீர்கள். பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது அவருடைய டாக்டர் இதையே காரணமாகச் சொன்னார், கூடவே அவருக்கு வேறு பல உடல்நலச் சிக்கல்கள் இருந்ததையும் சொன்னார். அவர் வயது 69. உங்கள் கணவரை அவரோடு ஒப்பிட வேண்டாம்.

அன்றைக்கே வாங்கு என்பவரிடம் வாங்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் வாடகைக்கோ சோதனைக்கோ தருகிற இடங்கள் இருக்கின்றன. முகமூடி பொருந்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதைக் கடை வாசலில் கண்டுபிடிக்க முடியாது. பழைய இயந்திரம் வேண்டாம் என்றே சொல்வேன். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பழைய மாடல்கள் பலவற்றை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு பொடிந்து காற்றுக்குழாயில் கலக்கலாம் என்று. அப்படிப்பட்டவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் வீட்டுக்கு வாங்கும் இயந்திரத்துக்குப் பணம் வராது. ஆனாலும் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

சங்கரலிங்கம்_நெல்லை

இயந்திரம் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? சங்கு ஊதினால் சரியாகும் என்று வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா தம்பி? எங்கள் தெருவில் சங்கு ஊதுகிற ஒருவர் இருக்கிறார், அவருடைய குறட்டை மூன்று வீடு தாண்டிக் கேட்கிறது.

ஆய்வகக்காரன்_கோவை

அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன் ஐயா. செய்தி முழுப் பொய் இல்லை. ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஆறு மாதம் சங்கு ஊதியவர்களுக்கு, வெறும் மூச்சுப்பயிற்சி செய்தவர்களைவிடப் பகல் தூக்கம் குறைந்திருந்தது, ஏஎச்ஐயும் மணிக்கு நாலைந்து இறங்கியது. இதற்கு முன்பே 2006இல் சுவிட்சர்லாந்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை 25 பேரை வைத்துச் சோதித்தார்கள், 2017இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. தொண்டைத் தசைக்குப் பயிற்சி என்ற தர்க்கம் சரிதான். ஆனால் 41இலிருந்து நாலைந்து கழித்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். லேசான வகைக்குக் கூடுதலாகச் செய்து பார்க்கலாம்.

எடை விஷயம் இதைவிடப் பெரிது. அதே விஸ்கான்சின் கூட்டத்தார் கணக்குப்படி 10 சதவீத எடை குறைந்தால் ஏஎச்ஐ சுமார் 26 சதவீதம் குறையும். ஏறினால் 32 சதவீதம் ஏறும், ஏறுவதற்குத்தான் வேகம் அதிகம். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா பருமனோடு கூடிய மூச்சுத்தடைக்கென்றே அனுமதி கொடுத்தது, ஆனால் அது பருமன் உள்ளவர்களுக்கு மட்டும், விலையும் கடுமை. மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிறவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பாதி வைத்தியம். லேசான, நடுத்தர வகைக்குப் பல் டாக்டர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளும் கிளிப் உண்டு. யூட்யூபில் வருகிற மாதிரி வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மட்டும் படுக்காதீர்கள். மூக்கும் அடைத்திருந்தால் என்ன ஆவது?

கவிதா_திண்டுக்கல்

வாடகைக்கு எடுத்துவிட்டோம். ஆனால் நடு இரவில் அவரே கழற்றி எறிந்துவிடுகிறார். மூக்கு காய்கிறது, ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது என்கிறார். எங்கள் பகுதியில் கரண்ட் வேறு போகும். போனால் மூச்சு முட்டாதா?

நாமக்கல்_சேகர்

நானும் கழற்றி எறிந்தவன்தான் தங்கச்சி. சாயங்காலம் செய்தி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். தூக்கத்தோடு சம்பந்தப்படுத்தாமல் முகத்துக்குப் பழகட்டும். வார்களை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைத்து இறுக்கி மூக்குத்தண்டில் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். அளவு மாற்றிப் பாருங்கள். எனக்கு மூக்குத் துளையில் மட்டும் வைக்கிற சின்ன வகைதான் ஒத்துவந்தது. மீசை இருந்தால் பெரிய முகமூடி உட்காராது, என் மீசையை நான் விடவில்லை, முகமூடியைத்தான் மாற்றினேன்.

ஆய்வகக்காரன்_கோவை

அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம். மூக்கு காய்வதற்கு ஈரப்பதத் தொட்டி இருக்கும், அதில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் உப்புப் படியும். தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். மூக்குத்தண்டு வளைவோ ஒவ்வாமையோ இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும், அடைத்த மூக்கில் எந்தச் சிபேப்பும் வேலை செய்யாது. அழுத்தம் மெதுவாக ஏறும் ஒரு வசதி இருக்கிறது, தூங்கிய பிறகு முழு அழுத்தம் வருகிற மாதிரி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் பயமில்லை. முழு முகமூடியில் வெளிக்காற்றுக்கான வால்வு தானே திறந்துகொள்ளும், மூக்கு முகமூடி என்றால் வாயைத் திறந்தால் ஆயிற்று. வீட்டு இன்வெர்ட்டரில் இயந்திரம் தாராளமாக ஓடும், தொட்டியின் சூட்டை மட்டும் அணைத்துவிட்டால் பேட்டரி காலை வரை தாங்கும். முதலில் நான்கு மணி நேரத்தைக் குறிவையுங்கள். எவ்வளவு நேரம் போட்டார், எவ்வளவு கசிந்தது, ஏஎச்ஐ எத்தனை என்பதெல்லாம் இயந்திரமே பதிந்து வைக்கும். டாக்டரைப் பார்க்கும்போது அதைக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. பல், குடலிறக்கம், எந்த அறுவை சிகிச்சை வந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இது இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள், இயந்திரத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

விடாக்கண்டன்

ஒரு கேள்வி, வாதத்துக்கு இல்லை. என் பேரனுக்கு ஆறு வயது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான், வகுப்பில் ஓர் இடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் புகார். குழந்தைக்கும் இயந்திரம் என்பீர்களா?

ஆய்வகக்காரன்_கோவை

இல்லை ஐயா. அந்த வயதில் பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும் வீங்கி வழியை அடைப்பதுதான் காரணம். பெரியவர்கள் தூங்கி வழிவார்கள், குழந்தைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள், கவனம் சிதறும், சிலர் படுக்கையை நனைப்பார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். தேவை என்றால் அந்தச் சதையை எடுத்துவிடுவார்கள், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதிலேயே சரியாகிவிடும். குழந்தைகளுக்கு எண்ணிக்கை அளவுகோலும் வேறு, மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே இயல்பில்லை. அவன் தூங்கும்போதும் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், தலையை அண்ணாந்து வைத்துத் தூங்குகிறானா என்றும் பாருங்கள்.

விடாக்கண்டன்

அண்ணாந்துதான் தூங்குகிறான். சனிக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று.